எறிதல், பிடித்தல், தாண்டுதல்: தொடக்கப் பள்ளியில் கற்பிப்பதும் மதிப்பிடுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும், அந்த வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. பி.டி. பீரியடையும் வகுப்பாசிரியரே பார்த்துக்கொள்கிறார். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் பதில்களுக்கெல்லாம் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: பந்து எவ்வளவு தூரம் போனது என்று பார்ப்பதைவிட, எறியும்போது குழந்தையின் உடல் என்ன செய்தது என்று பார்க்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் கற்பிப்பதும் மதிப்பிடுவதும் ஒரே வேலையாகிவிடும்.

அடிப்படை இயக்கத் திறன்கள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். இடம்விட்டு இடம் நகரும் திறன்கள் முதல் வகை: ஓடுதல், நொண்டியடித்தல், தாண்டுதல், குதிரை ஓட்டம், பக்கவாட்டில் நகர்தல், கால் மாற்றி மாற்றித் துள்ளிப் போதல். பந்து போன்ற பொருளைக் கையாள்வது இரண்டாவது: எறிதல், பிடித்தல், உதைத்தல், மட்டையால் அடித்தல், தரையில் தட்டுதல். சமநிலை மூன்றாவது: ஒற்றைக் காலில் நிற்பது, கோட்டின் மேல் நடப்பது, ஓடிவந்து சட்டென்று நிற்பது.

கபடி, கோகோ, கிரிக்கெட், கால்பந்து எல்லாமே இவற்றின் கலவைதான். கோகோவில் திசை மாற்றி ஓடுபவருக்கு ஓட்டமும் சமநிலையும் வேண்டும். பாண்டி ஆடும் சிறுமி நொண்டி, தாண்டுதல், சமநிலை மூன்றையும் ஒரே ஆட்டத்தில் பழகிவிடுகிறாள்.

விளையாட விட்டாலே தானாக வந்துவிடாதா?

நடையும் ஓட்டமும் ஏறக்குறைய தானாக வரும். தோளுக்கு மேலாகக் கையை ஓங்கி எறிவதும், மட்டையால் அடிப்பதும் எல்லாருக்கும் அப்படி வந்துவிடுவதில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், போதுமான தடவை செய்து பார்க்க வாய்ப்பும் வேண்டும். ‘அ’ எழுத வைக்க நாம் சிலேட்டைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதில்லையே, அப்படித்தான் இதுவும்.

சும்மா பந்தைக் கொடுத்து மைதானத்தில் விட்டால் என்ன நடக்கும் என்பதை எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம். நன்றாக ஆடத் தெரிந்த ஏழெட்டுப் பேரிடம்தான் பந்து சுற்றிக்கொண்டே இருக்கும். பிடிக்கத் தெரியாத பிள்ளை ஓரத்தில் நிற்கும். பந்து வராததால் பழக்கம் இல்லை, பழக்கம் இல்லாததால் பந்து வருவதில்லை. கொஞ்ச நாளில் ‘எனக்கு விளையாட்டு பிடிக்காது’ என்று அதுவே சொல்லத் தொடங்கிவிடும். நான் கவலைப்படுவது இந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

அமெரிக்காவைச் சேர்ந்த உடற்கல்வி ஆய்வாளர் வெர்ன் சீஃபெல்ட் 1980இல் இதை ஒரு தடுப்புச் சுவராக விளக்கினார். அடிப்படைத் திறன்கள் ஓரளவுக்கு வராத குழந்தை அந்தச் சுவரைத் தாண்டி விளையாட்டுகளுக்குள் நுழைவது கடினம் என்றார். 2008இல் டேவிட் ஸ்டாடனும் அவருடைய குழுவினரும் அதை விரித்து எழுதினார்கள். திறன் இருக்கும் பிள்ளை அதிகம் ஓடியாடும், ஓடியாடுவதால் திறன் இன்னும் கூடும். இல்லாத பிள்ளை விலகும், விலகுவதால் இன்னும் பின்தங்கும். நடுவில் நிற்பது ‘என்னால் முடியும்’ என்று அந்தப் பிள்ளைக்குத் தன்மேல் இருக்கும் எண்ணம். ஐந்தாறு வயதில் எல்லாப் பிள்ளைகளும் தன்னைக் கெட்டிக்காரன் என்றுதான் நினைக்கும். எட்டு, ஒன்பது வயதில் பக்கத்துப் பையனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்துவிடும். அதற்கு முன்பே கற்பித்துவிடுவது நல்லது.

எந்த வயதில் எது வர வேண்டும்?

பொதுவாக நான்கு வயது வாக்கில் சில அடிகள் நொண்டியடிக்க முடியும். கால் மாற்றித் துள்ளுவது ஐந்து, ஆறு வயதில் பிடிபடும். முறையாக எறிவதும் பிடிப்பதும் பயிற்சியைப் பொறுத்தது என்பதால் அவற்றுக்கு வயது சொல்வது கடினம். ஒரே வகுப்பில் ஏறக்குறைய ஒரு வருட வயது வித்தியாசம் இருப்பதையும் மறக்க வேண்டாம். முதல் வகுப்பில் ஒரு வருடம் என்பது பெரிய இடைவெளி.

நாங்கள்தான் ஏற்கெனவே உடற்தகுதித் தேர்வு எடுக்கிறோமே. அது போதாதா?

அது வேறு, இது வேறு. கேலோ இந்தியா திட்டத்தின் உடற்தகுதி மதிப்பீட்டில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை மூன்று அளவுகள்: உயரமும் எடையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ., ஒற்றைக் காலில் நிற்கும் ஃபிளமிங்கோ சோதனை, இரண்டு தட்டுகளை மாறி மாறித் தொடும் பிளேட் டேப்பிங். 4ஆம் வகுப்பிலிருந்து 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்தபடி முன்னால் எட்டுதல், வயிற்றுத் தசைக்கான கர்ல் அப், புஷ் அப் ஆகியவை வரும்.

இவை பயனுள்ளவைதான். ஆனால் கிடைப்பது ஓர் எண் மட்டும். 50 மீட்டரை ஒரு சிறுமி 11 விநாடியில் ஓடினாள் என்றால் அவள் மெதுவாக ஓடுகிறாள் என்று தெரியும். ஏன் மெதுவாக ஓடுகிறாள்? கைகளை உடம்புக்குக் குறுக்கே வீசுகிறாளா, பாதம் முழுவதும் தரையில் பதியும்படி தட்டித் தட்டி ஓடுகிறாளா? அதற்குக் கடிகாரத்தில் பதில் இல்லை. அடுத்த வகுப்பில் என்ன கற்பிக்கலாம் என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டுமென்றால் ஓட்டத்தையே பார்க்க வேண்டும்.

இன்னொன்று: எடை பார்ப்பதை மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் செய்யாதீர்கள், எண்ணை வாய்விட்டுச் சொல்லாதீர்கள். குண்டான குழந்தை பி.டி. பீரியடை வெறுக்கத் தொடங்குவதற்கு அந்த ஒரு நாள் போதும்.

சரி, அசைவை எப்படி மதிப்பிடுவது? அதற்கு ஏதாவது முறை இருக்கிறதா?

இருக்கிறது. ஆய்வுகளில் பரவலாகப் பயன்படுவது டேல் உல்ரிச் உருவாக்கிய ‘டெஸ்ட் ஆஃப் கிராஸ் மோட்டார் டெவலப்மென்ட்’. 1985இல் முதலில் வந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது மூன்றாம் பதிப்பு, சுருக்கமாக டிஜிஎம்டி-3. 3 வயது முதல் 10 வயது 11 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது. மொத்தம் 13 திறன்கள்: நகர்வில் ஆறு, பந்தில் ஏழு. ஒவ்வொரு திறனுக்கும் மூன்று முதல் ஐந்து வரை அடையாளங்கள் உண்டு. குழந்தைக்கு ஒரு முறை செய்து காட்டி, ஒரு முறை பழக விட்டு, பிறகு இரண்டு முறை செய்யச் சொல்கிறார்கள். ஓர் அடையாளம் தெரிந்தால் 1, தெரியாவிட்டால் 0. எல்லாம் சேர்த்து 100 புள்ளிகள்.

தோளுக்கு மேலாக எறிவதற்கு அதில் நான்கு அடையாளங்கள். ஒன்று, எறிவதற்கு முன் கை கீழே இறங்கிப் பின்னால் போய்ச் சுற்றி வருகிறதா. இரண்டு, எறியாத கைப்பக்கம் எதிரே பந்தை எறியும் சுவரை நோக்கி வரும் அளவுக்கு இடுப்பும் தோளும் திரும்புகின்றனவா. மூன்று, எறியும் கைக்கு எதிர்ப்பக்கக் கால் முன்னால் வைக்கப்படுகிறதா. நான்கு, பந்தை விட்ட பிறகும் கை நிற்காமல் உடம்புக்குக் குறுக்கே மறுபக்க இடுப்பை நோக்கி வருகிறதா. பந்து எங்கே போய் விழுந்தது என்ற கேள்வியே இதில் இல்லை.

ஏழு வயதுப் பிள்ளைகளை வரிசையாக எறியச் சொல்லிப் பாருங்கள். பலரிடம் மூன்றாவது அடையாளம்தான் இடறும். வலது கையால் எறியும்போது வலது காலையே முன்னால் வைப்பார்கள், அல்லது கால் அசையவே அசையாது. அப்படி எறிந்தால் உடம்பு திரும்ப முடியாது, கையின் பலம் மட்டுமே பந்துக்குப் போகும். எதிர்க்கால் முன்னால் வரப் பழகியதும் இடுப்பு திரும்புவது பெரும்பாலும் தொடர்ந்து வந்துவிடும்.

நொண்டிக்கும் இப்படித்தான். தூக்கிய கால் சும்மா தொங்கினால் போதாது. ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடி உந்துதல் தர வேண்டும். கைகளும் மடங்கி முன்னால் வீசி உதவ வேண்டும். நான்கு முறை நிற்காமல் போக வேண்டும். நொண்டி விளையாட்டில் யார் எத்தனை பேரைத் தொட்டார்கள் என்று எண்ணும் நாம் அந்தத் தூக்கிய காலைப் பார்ப்பதே இல்லை.

முழுச் சோதனையையும் அப்படியே நடத்தப் பயிற்சியும் நேரமும் வேண்டும். வகுப்பறைக்கு அது தேவையில்லை. அதன் பார்வையை எடுத்துக்கொண்டால் போதும்.

வேறு அணுகுமுறைகளும் உண்டு. ஜெர்மனியில் கிப்ஹார்டும் ஷில்லிங்கும் 1974இல் வெளியிட்ட கேடிகே சோதனை, பின்னோக்கிச் சமநிலைக் கட்டையில் நடப்பது, பக்கவாட்டில் குதிப்பது போன்ற நான்கு செயல்களில் எண்ணிக்கையை அளக்கிறது. கனடாவின் கேம்சா, 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளை ஒரு தடைப்பாதையில் ஓடவிட்டு நேரத்தையும் அசைவின் தரத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. நிஜ விளையாட்டுக்கு நெருக்கமானது என்பதால் கேம்சா எனக்குப் பிடிக்கும். ஆனால் புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்கு, எல்லாம் வேகமாக நடக்கும் அந்தப் பாதையில் கண் தடுமாறும்.

40 பிள்ளைகள், 40 நிமிடம், நான் ஒருவர். எப்படி முடியும்?

ஒரே நாளில் எல்லாரையும் பார்க்க முயன்றால் முடியாது. எல்லாரையும் வரிசையில் உட்கார வைத்து ஒவ்வொருவராக அழைத்தால் 39 பேர் சும்மா இருப்பார்கள். பீரியடே போய்விடும். அழைக்கப்படும் பிள்ளைக்கும் எல்லார் கண்ணும் தன்மேல் இருக்கிறதே என்ற கூச்சம்.

எல்லாரும் பயிற்சி செய்துகொண்டிருக்கட்டும். நீங்கள் ஒரு பீரியடில் எட்டுப் பேரை மட்டும் கவனியுங்கள். ஐந்து பீரியடில் வகுப்பு முடிந்துவிடும். யாரைக் கவனிக்கிறீர்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியவே வேண்டாம். ஒரு திறனில் இரண்டு அல்லது மூன்று அடையாளங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேடுபோல ஒரு தாளில் பெயர்களை எழுதி, அடையாளம் தெரிந்தால் ஒரு கோடு, விட்டுவிட்டு வந்தால் புள்ளி, தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். இதற்கு மேல் எதையும் எழுத நேரம் இருக்காது, தேவையும் இல்லை.

நிற்கும் இடம் முக்கியம். ஓட்டம், தாண்டுதல் இவற்றைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். எறிவதைப் பார்க்க எறியும் கைப்பக்கம் நில்லுங்கள். பிடிப்பதை முன்னால், கொஞ்சம் ஒதுங்கி நின்று பார்த்தால் கைகள் நீண்டு போய்ப் பந்தை வாங்குகின்றனவா, மார்போடு அணைத்துக்கொள்கின்றனவா என்பது தெரியும். ஒரு முறை பார்க்கும்போது ஓர் அடையாளத்தை மட்டும் பாருங்கள். முதல் எறிதலில் கால், அடுத்ததில் கை.

கைப்பேசியில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தால் பெரிய உதவி. இரண்டு ஆசிரியர்கள் ஒரே வீடியோவைத் தனித்தனியாகப் பார்த்துக் குறித்துவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே வேறுபடுகிறீர்களோ அங்கே பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளலாம், கண்ணும் கூர்மையாகும். ஆனால் பெற்றோரிடம் அனுமதி வாங்கிவிட்டு எடுங்கள், குறித்து முடித்ததும் அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது.

3ஆம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளே ஒருவரையொருவர் பார்க்கலாம். ‘உன் ஜோடி எறியும்போது எதிர்க்கால் முன்னால் வருகிறதா, அதை மட்டும் பார்த்துச் சொல்’ என்றால் நன்றாகவே சொல்வார்கள். பார்த்துச் சொல்கிற பிள்ளைக்கும் அந்த அடையாளம் மனதில் பதிந்துவிடும்.

எறிதலைக் கற்பிக்கும் ஒரு பீரியட் எப்படி இருக்கும்?

ஆளுக்கு ஒரு பந்து, அல்லது இரண்டு பேருக்கு ஒன்று. பழைய செய்தித்தாளைக் கசக்கி உருட்டி மேலே டேப் சுற்றினால் எறிபந்து தயார். பிள்ளைகளே செய்துவிடுவார்கள். (தரையில் தட்டிப் பழக இது எழும்பாது, அதற்கு ரப்பர் பந்துதான் வேண்டும்.) சுவரைப் பார்த்து எல்லாரும் வரிசையாக நிற்க, ஒரே சைகையில் எறிந்து, ஒரே சைகையில் போய் எடுத்து வர வேண்டும். பத்து நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் முப்பது நாற்பது தடவை எறிந்திருக்கும். ஒரு பந்தும் நீண்ட வரிசையுமாக இருந்தால் அதே நேரத்தில் இரண்டு தடவை கிடைப்பதே பெரிது.

தொடக்கத்தில் சின்னக் குறி வைக்காதீர்கள். ‘அந்த வட்டத்துக்குள் போடு’ என்றால் குழந்தை தவறவிடக் கூடாதென்று உடம்பைச் சுருக்கி, கையை மட்டும் அசைத்து மெதுவாக எறியும். நாம் எந்த அசைவைக் கற்பிக்க நினைத்தோமோ அது காணாமல் போய்விடும். ‘எவ்வளவு பலமாக முடியுமோ அவ்வளவு பலமாகச் சுவரில் எறி’ என்று சொல்லுங்கள். பலமாக எறிய முயலும் உடம்பு தானே திரும்பும், கால் தானே முன்னால் வரும். குறி பிறகு வரட்டும்.

கால் இன்னும் வரவில்லையா? தரையில் சுண்ணாம்பால் ஒரு பாதம் வரைந்து, எறியும்போது அதை மிதிக்கச் சொல்லுங்கள். விளக்கம் சொல்வதைவிட இது வேகமாக வேலை செய்யும். உடலின் பாகத்தைவிட வெளியே நடக்க வேண்டிய விளைவில் மனதை வைத்தால் அசைவு நன்றாக வரும் என்பதைக் கேப்ரியல் வுல்ஃப் போன்றவர்களின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ‘முழங்கையை மடக்கு, தோளைத் திருப்பு’ என்பதைவிட ‘சுவர் அதிரட்டும்’ என்பது நல்ல கட்டளை.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம். ‘வெரி குட்’ என்று மட்டும் சொன்னால் எது நன்றாக இருந்தது என்று குழந்தைக்குத் தெரியாது. ‘இந்தத் தடவை எதிர்க்கால் வந்துவிட்டது’ என்று சொன்னால் தெரியும்.

அப்புறம், அவுட் ஆனவர் உட்கார வேண்டிய ஆட்டங்களைத் தவிர்த்துவிடுங்கள். முதலில் அவுட் ஆவது அதிகப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைதான். ஆட்டம் முழுக்க அது உட்கார்ந்திருக்கும்.

ஒரு வருடத்தில் எத்தனை திறன்களைக் கற்பிக்கலாம்?

மூன்று அல்லது நான்கு. ஒரு திறனில் நல்ல தேர்ச்சி பெற 240 முதல் 600 நிமிடப் பயிற்சி ஆகும் என்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கல்வித்துறை சொல்கிறது. 40 நிமிட பீரியடில் வரிசை, தண்ணீர், விளக்கம் எல்லாம் போக 20 நிமிடம் உண்மையான பயிற்சி கிடைத்தால், குறைந்தபட்சக் கணக்கிலேயே ஒரு திறனுக்கு 12 பீரியட் வேண்டும். வாரம் ஒரு திறன் என்று ஓடினால் எதுவுமே பதியாது. பருவத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலே நல்ல வேகம்தான். மற்றவை விளையாட்டோடு விளையாட்டாக வரட்டும்.

மதிப்பெண் போடலாமா? ரேங்க்?

ரேங்க் வேண்டவே வேண்டாம். மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால், பருவத் தொடக்கத்தில் இருந்த நிலையையும் முடிவில் இருக்கும் நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வளரறி மதிப்பீடு என்று நாம் சொல்வது இதற்கு நன்றாகவே பொருந்தும். பெற்றோருக்கு ‘பி கிரேடு’ என்று எழுதுவதைவிட, ‘இரண்டு கையாலும் பிடிக்கிறாள், மார்போடு அணைப்பது நின்றுவிட்டது, ஓடிக்கொண்டே பிடிப்பது அடுத்து’ என்று எழுதினால் வீட்டில் என்ன விளையாடலாம் என்றும் அவர்களுக்குத் தெரியும்.

பெண் பிள்ளைகளுக்கு எறிதல் சரியாக வராது என்கிறார்களே?

பல நாடுகளின் ஆய்வுகளில் எறிதலில்தான் ஆண், பெண் பிள்ளைகளுக்கிடையே இடைவெளி அதிகம். ஆனால் பருவமடைவதற்கு முன் உடல்வாகில் இருக்கும் வித்தியாசம் சிறியது. பழக்கத்தில் இருக்கும் வித்தியாசம்தான் பெரியது. ஆண், பெண் இருபாலரும் எறிந்து வேட்டையாடும் மரபுள்ள ஆஸ்திரேலியப் பழங்குடிக் குழந்தைகளிடம் இந்த இடைவெளி குறைவாக இருந்தது. பையன்கள் கிரிக்கெட் ஆட, பெண்கள் ஓரமாக உட்கார்ந்து பேசட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு அவர்களுக்கு வராது என்று சொல்வது நியாயமில்லை. பி.டி. நாளில் பாவாடைக்குப் பதில் பேண்ட் அணிய அனுமதித்தாலே தாண்டுவதிலும் உதைப்பதிலும் மாற்றம் தெரியும்.

மாற்றுத்திறனுள்ள குழந்தையை என்ன செய்வது?

சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கோர் எழுத உட்கார வைக்காதீர்கள். பந்தைப் பெரிதாக்கலாம், பலூனாக மாற்றலாம் (மெதுவாக வருவதால் பிடிக்க நேரம் கிடைக்கும்), தூரத்தைக் குறைக்கலாம். பார்வைக் குறைபாடு இருந்தால் உள்ளே மணி வைத்த பந்து உதவும். சக்கர நாற்காலியிலிருந்து எறியும் குழந்தைக்குக் கால் அடையாளத்தை விட்டுவிட்டு, உடல் திரும்புவதையும் கை தொடர்வதையும் பாருங்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களிடமும் இயன்முறை மருத்துவரிடமும் எது கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எது முடியும் என்பதைக் குழந்தையே காட்டிவிடும்.

என் மகன் அடிக்கடி தடுக்கி விழுகிறான், பொத்தான் போடவும் சிரமப்படுகிறான். சோம்பேறித்தனமா?

பெரும்பாலும் இல்லை. பயிற்சி போதாமல் இருக்கலாம். பார்வையைச் சோதித்துப் பாருங்கள், கண்ணாடி தேவைப்படும் பிள்ளைகள் பந்தைத் தவறவிடுவது சகஜம். இவை தவிர, வளர்ச்சிசார் ஒருங்கிணைவுக் குறைபாடு என்று ஒன்று உண்டு. ஏறக்குறைய 100இல் 5, 6 குழந்தைகளுக்கு இருக்கிறது. அறிவில் குறையே இருக்காது, ஆனால் ஷூ லேஸ் கட்டுவது, எழுதுவது, பந்து பிடிப்பது எல்லாமே வயதுக்குப் பொருந்தாத அளவுக்குச் சிரமமாக இருக்கும். வகுப்பு மதிப்பீட்டை வைத்து ஆசிரியர் இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. பல மாதப் பயிற்சிக்குப் பிறகும் மாற்றம் இல்லாவிட்டால், அல்லது முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போனால், குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பு முடிந்தது இப்போது முடியவில்லை என்றால் தள்ளிப்போடவே வேண்டாம்.

மைதானமே இல்லாத பள்ளி எங்களுடையது.

சமநிலை, நொண்டி, தாண்டுதல், பிடித்தல் எல்லாவற்றுக்கும் வராந்தா போதும். பாண்டிக் கட்டம் ஒன்று தரையில் நிரந்தரமாகப் பெயிண்டில் வரைந்துவிடுங்கள். எறிதலுக்கு ஒரு சுவர் வேண்டும். வெயில் காலத்தில் முதல் இரண்டு பீரியடுக்குள் முடித்துவிடுங்கள்.

எனக்கே விளையாடத் தெரியாது. நான் எப்படிக் கற்பிப்பேன்?

செய்து காட்ட வகுப்பில் ஒரு பிள்ளை கட்டாயம் இருக்கும். உங்களுக்கு வேண்டியது பார்க்கத் தெரிந்த கண். அதற்கு ஒரு திறனின் நான்கு அடையாளங்கள் மனதில் இருந்தால் போதும்.

நாளைக்கே தொடங்க வேண்டுமென்றால்?

2 அல்லது 3ஆம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதப் பந்துகளைச் செய்யச் சொல்லுங்கள், சுவரின் முன் நிறுத்துங்கள், ஐந்து முறை பலமாக எறியச் சொல்லுங்கள். எதையும் திருத்த வேண்டாம். எட்டுப் பேரின் எதிர்க்காலை மட்டும் பார்த்துப் பெயருக்கு நேரே கோடு போடுங்கள். எட்டில் ஐந்து காலியாக இருந்தால் அடுத்த வகுப்புக்குச் சுண்ணாம்புப் பாதங்களை வரைந்து வையுங்கள்.